மூலைக் கொடி வீட்டுப் பூட்டு

மில் கிரவுண்டின் நீளம் நூறு மீட்டர், அகலம் அறுபத்து நான்கு. இரண்டு நாடுகள் மோதும் கால்பந்து ஆட்டத்துக்கு விதிப்புத்தகம் கேட்கும் குறைந்த அளவு அதுதான். அதற்கு மேல் அங்கே வேறு எதற்கும் இடமில்லை. பக்கக் கோட்டுக்கும் மதிலுக்கும் நடுவே மூன்று எட்டு வைக்கும் இடம்தான். எறிபந்து வீச வருபவர்களின் முதுகு மதிலில் உரசும். கிழக்குப் பக்கம் எட்டுப் படி வைத்த காலரி. வடக்கு மதிலுக்கு வெளியே ரயில் பாதை. திருவள்ளூர் வண்டி போகும்போது கோல்போஸ்ட் வலை லேசாக ஆடும்.

நெமிலிச்சேரியில் எப்போதோ மூடிப்போன ஒரு மில், தன் தொழிலாளிகளுக்காக விட்ட இடம் அது. இப்போது ஒரு கிளப் பார்த்துக்கொள்கிறது. வடமேற்கு மூலைக் கொடிக்குப் பின்னால், கொடியிலிருந்து எட்டிப் பார்த்தால் அடுப்பு தெரிகிற தூரத்தில், ஓர் ஆஸ்பெஸ்டாஸ் வீடு. அதில் அன்வர் பாஷா பத்தொன்பது வருடங்களாக இருக்கிறார். புல் வெட்டுவது, கோடு போடுவது, வலை கட்டுவது எல்லாம் அவர்தான். மனைவி லத்தீஃபா விடியற்காலையில் சமோசா மடித்து ஸ்டேஷன் வாசல் டீக்கடைகளுக்குக் கொடுக்கிறாள். மகள் ஜீனத் பதினொன்றாவது படிக்கிறாள். வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி, மைதானத்தைப் பார்த்த கதவோடு ஒரு கழிப்பறை. கதவில் எப்போதும் ஒரு பித்தளைப் பூட்டு. சாவி லத்தீஃபாவின் இடுப்பில்.

டிசம்பர் முதல் வாரத்துப் புயலில் நகரத்துப் பெரிய மைதானம் குளமாகிவிட்டது. நான்கு நாட்டு மகளிர் போட்டி நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், இலங்கைக்கும் நேபாளத்துக்கும், நடத்த இடமில்லாமல் நின்றது. மில் கிரவுண்டில் தண்ணீர் நிற்காது. அன்வர் பாஷா வருடா வருடம் கோடையில் மேல்மண்ணைக் கிளறி ஆற்று மணல் கலப்பவர். மழை விட்ட ஒன்றரை நாளில் புல் தலை காட்டிவிடும். அடியில் மட்டும் மண் மாதக்கணக்கில் பிசைந்த மாவாகக் கிடக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை மூன்று அதிகாரிகள் வந்து நாடா பிடித்தார்கள். கிளப் செயலாளர் மனோகரன், ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு குனிந்தே நடந்தார். நூறு மீட்டருக்கு மேல் நான்கு விரற்கடை இருந்தது.

"நாலு விரல் லாபம் சார்" என்றார் மனோகரன்.

அதிகாரிகளில் ஒரு பெண் இருந்தார். உடைமாற்றும் கொட்டகையை எட்டிப் பார்த்தார். கதவில்லாத ஆண்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுருக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

"லேடீஸ் டாய்லெட்?"

மனோகரன் அன்வர் பாஷாவைப் பார்த்தார். அன்வர் பாஷா ஒரு விநாடி நாடாவைச் சுற்றினார்.

"கீது மேடம். தோ, அந்த மூலைல."

"பூட்டிருக்கே."

"சுத்தமா இருக்கணும்ல மேடம். அதான்."

அந்த அம்மாள் தலையசைத்தார். "குட். பிராக்டிஸுக்கு வர்ற பொண்ணுங்க இருக்காங்க இல்ல?"

"ஒரு பதினாறு பேரு கீறாங்க மேடம்."

உள்ளே சமோசாவுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்த லத்தீஃபாவுக்கு எல்லாம் கேட்டது.

அவர்கள் போன பிறகு அன்வர் பாஷா வீட்டுக்குள் வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். முகத்தில் அப்படி ஒரு களை.

"இன்னாங்க சொல்டு வந்தீங்க?"

"கேட்டாங்க. கீதுன்னேன். இல்லியா பின்ன?"

"அது நம்ம ஊட்டு பாத்ரூமு."

"ஊடே கிரவுண்டோடதுதானமே."

"இத்தினி வருசமா அது ஊட்டோடது. இன்னிக்குதான் கிரவுண்டோடதாச்சா?"

"லத்தீஃபா, ஒரே நாளு. இது இல்லன்னா மேட்ச்சு வேற எங்கனா பூடும். பத்தொம்போது வருசம் புல்லு புடுங்கிகினு கீறேன். என் கோட்டு மேல ரெண்டு தேசத்துக்காரங்க ஆடணும். அவ்ளோதான் கேக்கறேன்."

ஜீனத் பள்ளிக்குப் பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "பிராக்டிஸுக்கு வர்ற ஸ்வாதிய உடமாட்டீங்க. நேபாள்காரங்கள உடுவீங்க."

"நீ கெளம்புமே. டேங்கு தாங்காதுன்னு அதுக்குத் தெரியும்."

"தெரியும் நைனா. அதுக்கு நல்லாவே தெரியும்."

எல்லாம் டேங்கில்தான் ஆரம்பித்தது. வீட்டுக்குப் பின்னால், ரயில் மதிலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் ஐந்து உறை இறக்கிய சிறிய செப்டிக் டேங்க். அது நிறைந்தால் கழிவுநீர் லாரி வரவேண்டும். கேட் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. வீடு வடமேற்கு மூலையில். லாரிக்கு வேறு வழி கிடையாது. புல்லின் மேல் மூலைக்கு மூலை குறுக்கே ஓடித்தான் வரவேண்டும். கோடையில் மண் இறுகிக் கிடக்கும்போது வந்தால் ஒன்றும் ஆகாது. அதனால் டேங்க் ஒரு கோடையிலிருந்து மறு கோடை வரை தாங்கியாக வேண்டும். மூன்று பேர் வீட்டுக்குத் தாங்கும்.

ஆறு வருடங்களுக்கு முன் கிளப்பில் பெண்கள் அணி தொடங்கியபோது லத்தீஃபா கதவைத் திறந்துதான் வைத்திருந்தாள். அந்த ஐப்பசியில் டேங்க் பொங்கி அடுப்படி வரை வந்தது. லாரியைக் கூப்பிட்டார்கள். வடக்கு கோல் பக்கம் பெனால்டி கட்டத்துக்குள் பின்சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. எடுக்க ஜே.சி.பி. வந்தது. அந்தப் பள்ளத்தை மூடிப் புல் பிடிக்க வைக்க அன்வர் பாஷாவுக்கு நான்கு மாதம் ஆனது. லீக் ஆட்டங்கள் வேப்பம்பட்டுக்குப் போய்விட்டன. ஜே.சி.பி. வந்த அன்று மாலையே அவர் பூட்டு வாங்கி வந்தார். மாட்டியது லத்தீஃபா.

ஆண் பிள்ளைகள் மதிலோரம் போய்விடுவார்கள். பெண் பிள்ளைகள் யாரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் அவர்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பயிற்சிக்கு வருகிற அன்று மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. ஓடி முடித்துத் தாகம் எடுத்தால் பாட்டில் தண்ணீரை வாயில் ஊற்றிக் கன்னம் உப்பக் கொப்பளித்து மதிலோரம் துப்புவார்கள். புதிதாக வரும் சிறுமிகளுக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே பெரியவர்கள் இதைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். அடுப்படி ஜன்னலில் நின்றால் மதிலோரம் வரிசையாக நின்று துப்புவது தெரியும். லத்தீஃபா அந்த ஜன்னலுக்கு ஒரு பழைய புடவையைக் கட்டியிருந்தாள். வெயிலுக்கு என்று சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பதினாறு பேரில் முதலில் வந்தவள் ஸ்வாதி. ஜீனத்தின் வகுப்பு. அம்மா ராணி முகப்பேர் ஃபிளாட்டுகளில் மூன்று வீட்டில் வேலை செய்கிறாள். போன வருடம் ஸ்வாதிக்கு நீர்க்கடுப்பாகத் தொடங்கிக் காய்ச்சல் ஏறி, ஆவடியில் அரசு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுத்திருந்தாள். லத்தீஃபா சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனாள்.

"டாக்டரு தண்ணி நெறிய குடிக்க சொல்றாரு" என்றாள் ராணி. "இது ஊட்ல குடிக்கிது. கிரவுண்டு நாள்ல மட்டும் ஒரு சொட்டு குடிக்க மாட்டேங்குது. நீங்க அங்கயே கீறீங்களே, இன்னா ஏதுன்னு கொஞ்சம் கேளுங்க லத்தீஃபாம்மா."

லத்தீஃபா சாத்துக்குடித் தோலை ஒரே சுருளாக வரும்படி நிதானமாக உரித்தாள். படுக்கையிலிருந்த ஸ்வாதி மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சொல்லவில்லை.

ஆட்டம் வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு. அன்று பள்ளிகளுக்கு விடுமுறை. விளக்குக் கம்பம் இல்லாத மைதானம். வெளிச்சம் இருக்கும்போதே முடிக்கவேண்டும். அன்வர் பாஷா விடியலிலேயே சுண்ணாம்புக் கரைசலோடு இறங்கினார். கயிறு பிடித்து இரண்டு முறை கோடு போட்டார். நடுவட்டத்தில் தேங்கியிருந்த ஈரத்தைக் கோணிப்பையால் ஒற்றி ஒற்றிப் பிழிந்தார். லத்தீஃபா கழிப்பறையை இரண்டு முறை கழுவினாள். புது பக்கெட், புது மக், சோப்புப் பெட்டி, ஆணியில் வெள்ளை டவல். பித்தளைப் பூட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பந்து எடுத்துப் போடுவதற்கும் எடுபிடிக்கும் கிளப் பெண்கள் ஆறு பேரை எட்டு மணிக்கே வரச்சொல்லியிருந்தார் மனோகரன். சேற்றுத் தண்ணீர் வந்ததால் மோட்டார் போடமுடியவில்லை. தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து கழிப்பறைக்கு வெளியே இருந்த டிரம்மை நிரப்பவேண்டும். அந்த வேலை ஸ்வாதிக்கு.

அன்வர் பாஷா காலையிலேயே மனைவியிடம் சொல்லியிருந்தார்: "ஆடற பொண்ணுங்க, மேடம், அவ்ளோதான். வேற யாரும் வேணாம். மூடியத் தொறந்து பாத்துட்டேன், ஒரு சாண்தான் பாக்கி. மேட்ச்சு நடுவுல பொங்குச்சுன்னா என் மானம் பூடும்."

பதினொரு மணிக்கு லத்தீஃபா பெண்களுக்கு ஆளுக்கு இரண்டு சமோசாவும் டீயும் கொண்டுபோனாள். சமோசாவை எடுத்துக்கொண்டார்கள். டீயை வர்ஷா என்கிற சின்னவள் மட்டும் கைநீட்டி வாங்கப்போனாள். எட்டு வயது. ஸ்வாதி அவளைப் பார்த்தாள். சின்னவள் கையை மடக்கிக்கொண்டாள்.

"குடிமே, மழக்குளுருல" என்றாள் லத்தீஃபா.

"வேணா ஆன்ட்டி, இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்" என்றாள் ஸ்வாதி.

டீ ஆறிய டம்ளர்களை லத்தீஃபா திரும்ப எடுத்து வந்தாள்.

ஒரு மணிக்கு இரண்டு பஸ்கள் வந்தன. காலரியின் எட்டுப் படியும் நிறைந்து, மதில்மேல் பையன்கள் ஏறினார்கள். அந்த மதிலுக்குள் இரண்டு நாட்டுக் கொடிகளும் ஏறியபோது இடம் இன்னும் சுருங்கியதுபோல் இருந்தது. ஆட்டக்காரிகள் இருவர் இருவராக மூலை வீட்டுக்கு வந்தார்கள். செருப்பை வெளியே விட்டு, குனிந்து ஒரு வணக்கம் சொல்லி உள்ளே போனார்கள். லத்தீஃபா வாசலில் நின்று ஒவ்வொரு முறையும் தரையைத் துடைத்தாள். ஸ்வாதி டிரம்மிலிருந்து பக்கெட்டை நிரப்பி நிரப்பி உள்ளே வைத்தாள். இருவரும் அரை அடி இடைவெளியில் இரண்டு மணி நேரம் நின்றார்கள்.

இடைவேளையில் இலங்கை அணியின் மாற்று ஆட்டக்காரி ஒருத்தி வந்தாள். சட்டையில் பதினான்காம் எண். கை கழுவ நின்றவள், லத்தீஃபா மகளை அதட்டியதைக் கேட்டுத் திரும்பினாள்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

"ஐய, இன்னாமா நீயும் தமிழா?"

"நான் முல்லைத்தீவு. ரெண்டு கிழமையா இங்கிலீசும் சிங்களமும் கதைச்சு வாய் நோகுது." சிரித்தாள். டவலில் கையைத் துடைத்து அதே ஆணியில் ஒழுங்காக மடித்துப் போட்டாள். "நல்ல துப்புரவா வச்சிருக்கிறியள். எங்கட ஊர்க் கிரவுண்டில பொம்பிளப் பிள்ளையளுக்கு ஒண்டும் இல்ல. சின்னனில நாங்கள் தண்ணி குடிக்காமத்தான் விளையாடப் போறது. இங்க பழகுற பிள்ளையள் குடுத்து வச்சதுகள். அவையும் இதுக்குத்தானே வாறவை?"

லத்தீஃபா குனிந்து தரைத்துணியைப் பிழிந்தாள். பிழிய அதில் தண்ணீரே இல்லை.

"ஆமாம்மா. அவங்களும் இதான்."

பதினான்காம் எண், குடத்தோடு வந்த ஸ்வாதியைப் பார்த்தாள். கிளப் பெயர் போட்ட மஞ்சள் பனியன்.

"தங்கச்சி இங்கதானோ பழகுறது?"

"ஆமாக்கா."

"எவ்வளவு காலம்?"

"ஆறு வருசம்."

"அப்ப இதெல்லாம் உங்கட இடம். நாங்கள் வந்து அடிச்சுப் பிடிச்சிட்டம் என்ன?"

ஸ்வாதி குடத்தை இறக்கினாள். அவள் உதடு வெடித்திருந்தது. லத்தீஃபா நிமிரவில்லை. அந்தப் பெண் என்ன சொல்வாள் என்று கேட்க, அவள் காது மட்டும் உடம்பிலிருந்து தனியாக நின்றது.

"பரவால்லக்கா. நாங்க டெய்லி போறதுதான" என்றாள் ஸ்வாதி.

சாதாரணமாகச் சொன்னாள். அதில் குத்தல் இருந்திருந்தால் லத்தீஃபாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்த விருந்தாளியின் முன்னால் பெரியவர்களை விட்டுக்கொடுக்காத பெண் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்கு நடந்தாள்.

இரண்டாம் பாதியை லத்தீஃபா பார்க்கவில்லை. வடக்கு கோலில் நேபாளம் ஒன்று போட்டது. ஆறு வருடத்துக்கு முன் லாரி இறங்கிய இடத்துக்கு இரண்டடி தள்ளி. அன்வர் பாஷா கோட்டுக்கு வெளியே குத்தவைத்து உட்கார்ந்து, பந்தைவிட்டுத் தன் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். டேங்க் பொங்கவில்லை.

முடிந்ததும் மேடை. மேடை என்றால் காலரியின் கீழ்ப்படி. அதிகாரி அம்மாள் மைக்கில் மைதானத்தின் அளவைச் சொல்லிச் சிரித்தார். பிறகு, எத்தனையோ பெரிய இடங்களில் கிடைக்காத வசதி பெண்களுக்கு இங்கே கிடைத்தது என்றார். மனோகரன் மைக்கை வாங்கினார்.

"நம்ம அன்வர் பாய் சம்சாரம். இங்க வெளையாட வர்ற பொண்ணுங்க எல்லாத்துக்கும் ஒரு அம்மா மாதிரி. அவங்களுக்கு ஒரு பொன்னாடை."

லத்தீஃபா வரமாட்டேன் என்று கையாட்டினாள். அதைக் கூச்சம் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் கைதட்டியது. அன்வர் பாஷாவே வந்து கூட்டிப்போனார். ஊதா நிறச் சால்வை தோளில் விழுந்தபோது கீழே மஞ்சள் பனியன்கள் ஆறும் தெரிந்தன. எல்லோரும் தட்டினார்கள். ஸ்வாதியும் தட்டினாள், கால்மாற்றிக் கால்மாற்றி நின்றுகொண்டு.

லத்தீஃபா இறங்கிக் கூட்டத்தை விலக்கி வருவதற்குள் ஸ்வாதி இல்லை. கேட்டுக்கு ஓடிப் பார்த்தாள். ரயில் பாதையோரத் தெருவில் அந்தப் பெண் சைக்கிள் சீட்டில் உட்காராமல் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போனாள். காலை எட்டு மணிக்கு வந்தவள். மணி ஐந்து ஆகியிருந்தது.

வீட்டில் அன்வர் பாஷா லுங்கிக்கு மாறி, மீந்த தால்ச்சாவோடு சோறு பிசைந்துகொண்டிருந்தார். "மேடம் என் கைய புட்ச்சி குலுக்குச்சு, பாத்தியா? கோடு நூல் புட்ச்ச மாதிரி கீதுன்னுச்சு."

லத்தீஃபா சால்வையை மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. மறுபடி மடித்தாள்.

"அந்தப் பொண்ணு டெய்லி போறோம்னு சொல்லிச்சுங்க."

"எந்தப் பொண்ணு?"

"நம்ம ஸ்வாதி. அந்த சிலோன் பொண்ணு கேட்டுச்சு. நான் பொய் சொன்னேன். அது என் பொய்ய தூக்கி தன் தலைல வெச்சுகினுச்சு."

அன்வர் பாஷாவின் கை சோற்றில் நின்றது. ஜீனத் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. வெளியே ஒரு வண்டி போய் முடிந்தது.

"அன்னிக்கி நான்தான பூட்டு வாங்கியாந்தேன்" என்றார் அவர்.

"மாட்டனது நானு. ஆஸ்பத்திரிக்குப் போயி சாத்துக்குடி உரிச்சதும் நானு. அவங்கம்மா மூஞ்சிய பாத்துகினு."

அவர் மீதிச் சோற்றைச் சாப்பிடாமல் கை கழுவினார். வெளியே போய் மூலைக் கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துடைத்தார். பிறகு போனை எடுத்து லாரி டிரைவர் மதுரைவீரனைக் கூப்பிட்டார்.

"இப்பவா? இன்னா பாய், மண்ணு கொழகொழன்னு கெடக்கும். எறங்கிடும்."

"எறங்கட்டும்."

"போன தபா நீ என்னிய வெட்டறதுக்கு வந்த."

"இப்ப வரமாட்டேன். நீ வா."

சனிக்கிழமை லாரி வந்தது. எதிர்பார்த்தபடியே வடக்குப் பெனால்டி கட்டத்தில் இறங்கி, உறுமி, நடுவட்டம் வரை இரண்டு வாய்க்கால் வெட்டிவிட்டுப் போனது. மனோகரன் செய்தி கேட்டு ஸ்கூட்டரில் வந்தார்.

"பாய், நாளைக்கு பேப்பர்காரங்க போட்டோ எடுக்க வர்றாங்க பாய். சர்வதேச மேட்ச் ஆடின கிரவுண்டு பாய் இது."

"எடுத்துக்கட்டும் சார். லாரி எதுக்கு வந்துச்சுன்னு கேட்டா நான் சொல்றேன்."

மனோகரன் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார்.

திங்கட்கிழமை நாலரைக்குப் பெண்கள் வந்தார்கள். பாதி மைதானத்தில்தான் பயிற்சி. கழிப்பறைக் கதவு திறந்திருந்தது. கொண்டியில் பூட்டு இல்லை. லத்தீஃபா ஜன்னல் புடவையை அவிழ்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள். எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை.

"யாராவது போறதுன்னா போங்கமே. இனிமே தொறந்தேதான் கெடக்கும்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வர்ஷா மட்டும் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். மற்றவர்கள் வார்ம்-அப் ஓட்டத்துக்குப் போனார்கள்.

ஓட்டம் முடிந்து மதிலோரம் வந்தபோது, பைகள் வைக்கும் இடத்தில் ஒரு குடமும் டம்ளரும் இருந்தன. லத்தீஃபா ஒரு டம்ளர் மொண்டு ஸ்வாதியிடம் நீட்டினாள்.

"குடிமே. டேங்கு காலியா கீது."

சொன்ன பிறகுதான் அது என்ன பேச்சு என்று அவளுக்கே உறைத்தது. தண்ணீர் கொடுக்கும்போது சொல்கிற பேச்சா அது.

"சரிங்க ஆன்ட்டி" என்றாள் ஸ்வாதி. இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டாள். அண்ணாந்து வாயில் ஊற்றினாள். லத்தீஃபா அவள் தொண்டையையே பார்த்தாள்.

தொண்டை அசையவில்லை. கன்னம் உப்பியது. ஸ்வாதி மதில் பக்கம் திரும்பிக் கொப்பளித்துத் துப்பினாள். துப்பிவிட்டு, தான் என்ன செய்தோம் என்று அப்போதுதான் தெரிந்ததுபோல நின்றாள்.

"வாய் அதுவா துப்புது ஆன்ட்டி" என்றாள். டம்ளரைக் குடத்தின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, லாரி வெட்டிய பள்ளத்தைத் தாண்டி ஓடினாள்.